உடம்பு ஒல்லி, இனிப்பும் தொடுவதில்லை: இன்சுலின் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

பல்லடத்துப் பக்கம் விசைத்தறி ஓட்டும் உங்கள் அண்ணனுக்கு வயது 44. உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ, இடுப்புச் சுற்றளவு 93 செ.மீ. வெறும் வயிற்றில் சர்க்கரை 114, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ1சி) 6.1, ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 286, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல் 33, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல் 118. ஸ்கேனில் கல்லீரலில் முதல் நிலைக் கொழுப்பு. டாக்டர், “இன்சுலின் எதிர்ப்பு வந்திருக்கிறது; இரத்தக் கொழுப்பும் அழற்சியும் சேர்ந்து செய்கிற வேலை இது” என்று சொல்லியிருக்கிறார். அடுத்த நோயாளி காத்திருந்ததால் அதற்கு மேல் பேச நேரமில்லை. ஒல்லியான உடம்பு, இனிப்புப் பலகாரம் தொடாத பழக்கம், எங்கும் வலியும் வீக்கமும் இல்லை. அப்படியிருக்க இது எப்படி என்று கேட்கிறீர்கள்.

கோவையில் மருத்துவ மாணவர்களுக்கு உயிர்வேதியியல் கற்பிப்பவன் நான். மருந்து பற்றிய முடிவு அண்ணனைப் பார்க்கும் டாக்டருடையது. அவர் சொன்ன அந்த ஒற்றை வரிக்குள் என்ன இருக்கிறது என்பதை என்னால் விரித்துச் சொல்ல முடியும். நம் ஊர்களில் இந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு “சுகர் இன்னும் வரவில்லை, பார்டரில்தான் இருக்கிறது” என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களே அதிகம். அந்த நிம்மதி எனக்குக் கவலை தருகிறது. இந்தத் தாளில் 114 என்பது கடைசியாக வந்து சேர்ந்த செய்தி. ட்ரைகிளிசரைடும் எச்.டி.எல்லும் அதே செய்தியைச் சில ஆண்டுகளாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

முதலில் இன்சுலின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சர்க்கரையைக் குறைப்பது மட்டும்தான் அதன் வேலை என்று நினைக்கிறோம். அதற்கு முக்கியமாக மூன்று வேலைகள் உண்டு. தசைக்குள் குளுக்கோஸைச் சேர்ப்பது ஒன்று. கல்லீரல் சொந்தமாகக் குளுக்கோஸ் தயாரித்து இரத்தத்தில் விடுவதை அடக்குவது இரண்டு. கொழுப்புத் திசுவில் சேமித்த கொழுப்பு கரைந்து வெளியேறாமல் தடுப்பது மூன்று. இந்த மூன்றாவது வேலையை யாரும் பேசுவதில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

தசை செல்லின் மேல் சவ்வில் இன்சுலினுக்கென்று ஓர் ஏற்பி இருக்கிறது. இன்சுலின் அதில் வந்து அமர்ந்ததும் உள்ளே ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, கடைசியில் குளுட்4 என்ற கடத்திப் புரதங்கள் செல்லின் உட்புறத்திலிருந்து மேல் சவ்வுக்கு வந்து சேர்கின்றன. அவை வந்த பிறகுதான் குளுக்கோஸ் தாராளமாக உள்ளே போகும். இன்சுலின் எதிர்ப்பு என்றால் இன்சுலின் இல்லை என்று அர்த்தமில்லை. அது நிறையவே இருக்கிறது, ஏற்பியிலும் அமர்கிறது, அதற்குப் பிறகு உள்ளே போக வேண்டிய செய்தி நடுவழியில் வலுவிழக்கிறது. கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டுகிறது. அப்படி ஈடுகட்டும் காலம் முழுக்கச் சர்க்கரை அளவு ஒழுங்காகவே இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்து ஒன்றுமில்லை என்போம்.

செய்தியை நடுவழியில் தடுப்பது எது? இங்கேதான் கொழுப்பு வருகிறது. ஆனால் ரிப்போர்ட்டில் அச்சாகும் ட்ரைகிளிசரைடு நேராகப் போய்த் தடுப்பதில்லை. ட்ரைகிளிசரைடு என்பது மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசராலுடன் கட்டுண்ட வடிவம்; கட்டுண்டிருக்கும் வரை அது சாது. அந்தக் கட்டு அவிழ்ந்து இரத்தத்தில் திரியும் தனிக் கொழுப்பு அமிலங்கள்தான் தொல்லை தருபவை. வழக்கமான லிப்பிட் பரிசோதனையில் அவற்றை அளப்பதில்லை என்பதால் அந்தப் பெயரே நமக்குப் பழக்கமில்லை. அவை தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் எரிக்கப்படும் வேகத்தைவிட அதிகமாக நுழையும்போது டையசைல்கிளிசரால், செராமைடு என்ற இடைநிலைக் கொழுப்புகளாக அங்கேயே தேங்குகின்றன. டையசைல்கிளிசரால் ஒரு வகை நொதிகளைத் தூண்டிவிட்டு இன்சுலின் செய்தியின் முதல் படிகளைக் கெடுக்கிறது. செராமைடு இன்னும் கீழே, நான்கைந்து படி தாண்டி, வேறோர் இடத்தில் மறிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குளுட்4 மேலே வராது.

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. கொழுப்பு அமிலம் மிகுந்தால் குளுக்கோஸ் பயன்பாடு குறைகிறது என்று 1963-இல் இங்கிலாந்தில் பிலிப் ராண்டில் எடுத்துச் சொன்னார். இரண்டு எரிபொருள்களும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன என்பது அவர் விளக்கம். பிறகு 1990-களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மன் குழுவினர், நல்ல ஆரோக்கியமானவர்களின் இரத்தத்தில் கொழுப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே, தசைக்குள் நடப்பதைக் காந்த அதிர்வுக் கருவியால் வெளியிலிருந்து பார்த்தார்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் இன்சுலினுக்குத் தசை காட்டும் இணக்கம் சரிந்தது. ராண்டில் சொன்னபடி என்றால் உள்ளே போன குளுக்கோஸ் எரியாமல் தேங்கியிருக்க வேண்டும். தேங்கவில்லை, உள்ளே நுழைவதே குறைந்திருந்தது. சர்க்கரை நோயே இல்லாத ஒருவரைச் சில மணி நேரத்தில், கொழுப்பு அமிலத்தால் மட்டும் இன்சுலின் எதிர்ப்பு நிலைக்குக் கொண்டுபோக முடியும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போது ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

இனி ரிப்போர்ட்டில் இருக்கும் 286-க்கு வருவோம். காலையில் ஆய்வகத்தில் இரத்தக் குழாய்களை மையவிலக்கியில் சுற்றி எடுத்தால் சிவப்பணுக்கள் கீழே படிந்து, மேலே வெளிர் மஞ்சள் நிறத்தில் தெளிந்த சீரம் நிற்கும். ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக இருப்பவரின் குழாயில் அந்தச் சீரம் மோர் போலக் கலங்கியிருக்கும். குழாயின் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியாது. ஆடி மாதத்துக் கிடா விருந்துகள் முடிந்த மறுநாள் காலை இப்படிப்பட்ட குழாய்கள் கூடுதலாக வரும் என்பதை இந்தப் பக்கத்து ஆய்வகங்களில் வேலை செய்பவர்கள் யாரும் சொல்வார்கள். விருந்தின் கொழுப்பு ஒரு நாளில் போய்விடும். பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறாக இருந்தும் 286 என்றால், அந்தக் கொழுப்பு நேற்றைய இலையிலிருந்து வரவில்லை. அண்ணனின் கல்லீரலே அதைத் தயாரித்து இரத்தத்தில் விட்டிருக்கிறது.

கல்லீரலுக்கு அவ்வளவு கொழுப்பு எங்கிருந்து கிடைக்கிறது? இரண்டு வழி. ஒன்று, கொழுப்புத் திசுவில் இன்சுலினின் மூன்றாவது வேலை பிசகி, கொழுப்பு அமிலங்கள் இரவும் பகலும் கசிந்து கல்லீரலுக்கு வருகின்றன. இரண்டாவது வழிதான் நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியம்: தட்டில் இருக்கும் அரிசியும் மைதாவும் சர்க்கரையும் கல்லீரலில் கொழுப்பாக மாற்றப்படுகின்றன. தசை குளுக்கோஸை வாங்க மறுக்கும்போது அது எங்காவது போயாக வேண்டும்; கல்லீரலுக்குப் போகிறது. இன்சுலின் அளவும் ஏற்கெனவே உயர்ந்திருப்பதால், கொழுப்பு தயாரிக்கும் பணியைக் கல்லீரல் முழு வேகத்தில் செய்கிறது. குளுக்கோஸ் உற்பத்தியை நிறுத்து என்ற கட்டளைக்கு மட்டும் செவி சாய்க்காத அதே கல்லீரல், கொழுப்பைத் தயாரி என்ற கட்டளைக்கு உடனே பணிகிறது. இந்த நோயின் மிகப் பெரிய கொடுமை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒல்லியாக இருப்பவருக்கு எப்படி என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடையை யேல் குழுவே 2007-இல் கொடுத்தது. இளவயது, ஒல்லியான உடம்பு, புகைப்பதில்லை, சர்க்கரை நோய் இல்லை. தசையில் மட்டும் இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களையும், அது இல்லாதவர்களையும் இரு பிரிவாக எடுத்து, மாவுச்சத்து மிகுந்த இரண்டு வேளை உணவு கொடுத்தார்கள். எதிர்ப்பு உள்ளவர்களின் தசையில் சர்க்கரை சேமிப்பு சுமார் 60 சதவீதம் குறைவு, கல்லீரலில் கொழுப்பு உற்பத்தி இரு மடங்குக்கு மேல், இரத்த ட்ரைகிளிசரைடு 60 சதவீதம் கூடுதல், எச்.டி.எல் 20 சதவீதம் குறைவு. உங்கள் அண்ணன் ரிப்போர்ட்டின் அச்சு அது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அழற்சியைக் காட்டும் பொருள்களில் அந்த இரு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. இந்த விஷயத்துக்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

எச்.டி.எல் 33 என்பதும் தனி நோய் கிடையாது. கல்லீரல் அனுப்பும் கொழுப்புத் துகள்கள் இரத்தத்தில் மிகுந்தால், அவை எச்.டி.எல் துகளோடு சரக்கு மாற்றிக்கொள்கின்றன: ட்ரைகிளிசரைடு அங்கே போகிறது, கொலஸ்ட்ரால் இங்கே வருகிறது. அப்படி மாறிய எச்.டி.எல் சுருங்கி, சீக்கிரமே உடம்பிலிருந்து வெளியேற்றப்படுகிறது. எல்.டி.எல்லுக்கும் இதே கதிதான். துகள்கள் சிறிதாகி, அடர்த்தியாகி, இரத்தக் குழாய்ச் சுவருக்குள் எளிதாக நுழைகின்றன. ஆகவே எல்.டி.எல் 118 என்ற எண்ணைப் பார்த்து, கொலஸ்ட்ரால் பரவாயில்லை என்று விட்டுவிடக் கூடாது. ட்ரைகிளிசரைடை எச்.டி.எல்லால் வகுத்தால் 3-க்கு மேல் வருகிறதா என்று பார்ப்பது டாக்டர்கள் பலரின் வழக்கம். தாண்டினால் இன்சுலின் எதிர்ப்பைச் சந்தேகிப்பார்கள். அண்ணனுக்கு 8-ஐத் தாண்டுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய இந்திய அளவிலான ஆய்வின் முதல் கட்டத்தில், தமிழ்நாடும் சேர்ந்திருந்த நான்கு பகுதிகளில், எச்.டி.எல் குறைவாக இருந்தவர்கள் 72 சதவீதம். ட்ரைகிளிசரைடு அதிகமாக இருந்தவர்கள் 29.5 சதவீதம். எல்.டி.எல் அதிகம் இருந்தவர்களோ சுமார் 12 சதவீதம்தான். நம்மவர்களின் கொழுப்புக் கோளாறு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எடை 64 கிலோ சரியான எடைதானே என்றால், உயரத்துக்கு எடை சரி. இடுப்பு சரியில்லை. இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. தோலுக்கு அடியில் தொடை, இடுப்பு, கைகளில் கொழுப்பைப் பத்திரமாகச் சேமித்துவைக்கும் இடம் நம் இனத்தவருக்குச் சிறியது. அது நிறைந்ததும் மிச்சம் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் தசையிலும் படிகிறது. புணேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், தன்னையும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினையும் அருகருகே நிறுத்திய படத்தை 2004-இல் மருத்துவ இதழில் வெளியிட்டார். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 22.3. உடலில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். அண்ணனுக்கு அதே குறியீடு 22.7 வருகிறது.

இனி அழற்சி. காலில் முள் குத்தினால் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்குமே, அந்த அழற்சியையே நமக்குத் தெரியும். இது வேறு. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு செல்கள் அளவுக்கு மீறிப் பருக்கும்போது அவற்றுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை, சில இறக்கின்றன. இறந்தவற்றை அப்புறப்படுத்த மேக்ரோஃபேஜ் என்ற தற்காப்பு செல்கள் வந்து அவற்றைச் சூழ்கின்றன. வந்தவை டி.என்.எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. பருமனான எலிகளின் கொழுப்புத் திசுவில் டி.என்.எஃப் சுரப்பதையும், அதைத் தடுத்தால் இன்சுலின் இணக்கம் மேம்படுவதையும் 1993-இல் ஹார்வர்டில் ஹோத்தாமிஸ்லிகிலும் ஸ்பீகல்மனும் காட்டியபோதுதான் அழற்சிக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள உறவு உறுதியாகத் தெரிந்தது. மேக்ரோஃபேஜ்கள் அங்கே குவிவது 2003-இல் கண்டறியப்பட்டது.

இந்தப் பொருள்கள் இரண்டு கெடுதல்களைச் செய்கின்றன. செல்லுக்குள் இன்சுலின் செய்தியைச் சுமக்கும் முதல் புரதத்தில் தவறான இடத்தில் பாஸ்பேட்டை ஒட்டிவிட்டு அதை மந்தமாக்குகின்றன. அதோடு கொழுப்புத் திசுவைத் தூண்டி இன்னும் அதிகக் கொழுப்பு அமிலங்களை வெளியே விடச் செய்கின்றன. அந்தக் கொழுப்பு அமிலங்களில், குறிப்பாக நிறைவுற்ற வகை, மறுபடியும் மேக்ரோஃபேஜ்களைச் சீண்டுகிறது. கொழுப்பு அழற்சியை வளர்க்க, அழற்சி கொழுப்பைக் கசியவிட, ஒன்றை ஒன்று தூக்கிவிடுகின்றன. டாக்டர் இரண்டையும் சேர்த்துச் சொன்னதன் பொருள் இதுதான். அண்ணனுக்கு வலி இல்லாததில் வியப்பில்லை. நிமோனியா வந்தவருக்கு சி.ஆர்.பி என்ற அழற்சிப் புரதம் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டலாம். இந்த மெல்லிய அழற்சியில் அது 3, 4, 5 என்ற அளவில்தான் இருக்கும். நுண்ணிய முறையில் அளக்கும் சி.ஆர்.பி பரிசோதனையில் 1-க்குக் கீழ் நல்லது, 3-க்கு மேல் கவலைக்குரியது என்பார்கள். சளி, காய்ச்சல், பல்வலி இருக்கும்போது எடுத்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

கொழுப்பு, அழற்சி இரண்டில் எது மூலம்? இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் கருத்து, இடம் மாறிப் படிந்த கொழுப்பே முதல் காரணம்; அழற்சி அதைப் பெருக்கி நிலைக்கவைக்கிறது. ஒல்லியானவர்களிடம் யேல் குழு கண்டது இதற்கு ஒரு சான்று: எதிர்ப்பு வந்துவிட்டது, அழற்சி இன்னும் தொடங்கவில்லை. சிகிச்சைச் சோதனைகளும் அதே பக்கம் பேசுகின்றன. எலியில் பலித்த டி.என்.எஃப் தடுப்பு, சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் தரவில்லை. மாரடைப்பு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அழற்சியை அடக்கும் கனகினுமாப் என்ற ஊசி மருந்தைச் சோதித்து 2017-இல் முடிவு வெளியிட்டார்கள். சி.ஆர்.பி நன்றாகக் குறைந்தது. மறு மாரடைப்பும் குறைந்தது. புதிதாகச் சர்க்கரை நோய் வருவது மட்டும் குறையவில்லை. முற்றிலும் பலனில்லை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்பிரின் குடும்பத்து சாலிசிலேட் மருந்து சிறுநீரில் சர்க்கரையைக் குறைப்பதை 1876-லேயே ஜெர்மானிய மருத்துவர் எப்ஸ்டைன் எழுதிவைத்தார். அதே குடும்பத்துச் சல்சலேட்டை 2013-இல் ஓராண்டு அளவுக்குக் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மாதச் சராசரி 0.37 குறைந்தது, எல்.டி.எல்லும் சிறுநீரில் புரதமும் சற்றே கூடின. இதைப் படித்துவிட்டு யாரும் ஆஸ்பிரினை வாங்கி விழுங்கக் கூடாது.

மஞ்சள் சாப்பிடலாமா என்று நீங்கள் கேட்காவிட்டாலும் வீட்டில் யாராவது கேட்பார்கள். ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-இல். அதன் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருளுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் இருப்பது உண்மை. தாய்லாந்தில் சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 240 பேரிடம் ஒன்பது மாதம் சோதித்து 2012-இல் வெளியிட்டதில், குர்குமின் சாப்பிட்டவர்கள் யாருக்கும் நோய் வரவில்லை, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 16.4 சதவீதத்தினருக்கு வந்தது என்று கண்டார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் அது ஒரே ஒரு சோதனை. கொடுத்தது செறிவூட்டிய சாறு. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பங்குதான். அதுவும் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. குழம்பில் போடும் மஞ்சள் தொடரட்டும். மிளகுச் சத்துடன் சேர்த்து விற்கும் குர்குமின் மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் பல நாடுகளிலிருந்து வந்திருக்கின்றன. ஏற்கெனவே கல்லீரலில் கொழுப்பு உள்ள அண்ணன் அதைத் தொட வேண்டாம்.

இனிப்பு தொடுவதில்லை என்றீர்கள். லட்டும் ஜிலேபியும் தொடுவதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். தறிக்கூடத்தில் ஷிஃப்ட் ஒன்றுக்கு எத்தனை டீ? இரண்டு ஸ்பூன் போட்டால் ஒரு டீயில் 10 கிராம் சர்க்கரை. ஐந்து டீக்கு 50 கிராம். அதில் பாதி ஃபிரக்டோஸ். அதன் பெரும்பகுதி கல்லீரலுக்கே போகிறது, அங்கே கொழுப்பாவதும் எளிது. கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டங்களிலும் முக்குக்கு முக்கு பேக்கரிதான் டீக்கடை. டீயோடு ஒரு தேங்காய் பன்னோ பஃப்ஸோ இல்லாமல் எழுந்து வருகிறவர் குறைவு. அதில் மைதா, சர்க்கரை, கெட்டிக் கொழுப்பு மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. நாட்டுச்சர்க்கரைக்கு மாறிவிட்டோம் என்பதும் உதவாது. கவுந்தப்பாடிச் சர்க்கரையானாலும் கருப்பட்டியானாலும் கல்லீரலுக்குப் போய்ச் சேர்வது அதே பொருள்தான். கள்ளும் கடைச் சரக்கும் அப்படியே. ஆல்கஹால் எந்த வடிவில் வந்தாலும் ட்ரைகிளிசரைடை ஏற்றும்.

எண்ணெயையும் நெய்யையும் பற்றி இந்தப் பகுதிக்காரர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பின்லாந்தில் 2018-இல் வெளியான ஒரு சோதனையில் எடை கூடிய 38 பேருக்கு மூன்று வாரம் தினமும் ஆயிரம் கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குத் தேங்காய் எண்ணெய், வெண்ணெய், பாலாடைக்கட்டி; அடுத்த பிரிவுக்கு ஆலிவ் எண்ணெயும் கொட்டைகளும்; மூன்றாவது பிரிவுக்குச் சர்க்கரைப் பண்டங்கள். கல்லீரல் கொழுப்பு முறையே 55, 15, 33 சதவீதம் கூடியது. முதல் பிரிவில்தான் இன்சுலின் எதிர்ப்பும் செராமைடும் ஏறின. காங்கயத்துத் தேங்காய் எண்ணெயும் ஊத்துக்குளி வெண்ணெயும் நம் மண்ணின் பொருள்கள் என்பதால் இதைச் சொல்ல மனம் வலிக்கிறது. ஆனால் கல்லீரலில் கொழுப்பு படிந்தவர் தாளிப்பதற்குக் கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ அளவாக வைத்துக்கொள்வது நல்லது. ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை, பேக்கரி பஃப்ஸுக்கு எவ்வளவோ மேல்.

தட்டில் செய்ய வேண்டிய பெரிய மாற்றம் சோற்றின் அளவில் இருக்கிறது. நாம் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐ.சி.எம்.ஆரின் ஆய்வு 2025-இல் சொன்னது. அரிசியும் பருப்பும் சாதம் நம் வீட்டுச் செல்லம். அதில் பருப்பைக் கூட்டி அரிசியைக் குறைத்தால் உணவே மாறிவிடுகிறது. பச்சைப்பயறு கடைசல், கொள்ளுப் பருப்பு, முட்டை, கீரை, காய் ஆகியவை தட்டில் பாதிக்கு மேல் இருக்கட்டும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். கொள்ளு ரசம் குடித்தால் கொழுப்பு கரைந்துவிடாது. சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கொள்ளுப் பருப்பை வைத்தால் நிச்சயம் பயன் உண்டு. கம்மங்கூழும் ராகிக் களியும் நல்லவைதான், ஆனால் அவையும் மாவுச்சத்துதான். சோற்றுக்குப் பதிலாக வர வேண்டும். சோற்றோடு சேர்ந்து வரக் கூடாது.

தறி ஓட்டுகிறவர் நாள் முழுக்க நிற்கிறார், நடக்கிறார், அதற்கு மேல் என்ன உடற்பயிற்சி என்று கேட்பீர்கள். நின்றுகொண்டிருப்பதும் தறிக்குத் தறி நான்கு எட்டு வைப்பதும் பெரிய தசைகளைச் சோர்வடையச் செய்வதில்லை. தசை ஓங்கி உழைக்கும்போது குளுட்4 இன்சுலின் உதவி இல்லாமலே மேலே வருகிறது. அடைபட்ட வழியைச் சுற்றிக்கொண்டு குளுக்கோஸ் உள்ளே போகிறது. முன்பு சொன்னதைப் போன்ற, இன்சுலின் எதிர்ப்பு உள்ள ஒல்லியான இளைஞர்களை ஒரே ஒரு முறை 45 நிமிடம் கடும் பயிற்சி செய்யவைத்துவிட்டு மாவுச்சத்து உணவு கொடுத்தபோது, கல்லீரலின் கொழுப்பு உற்பத்தி சுமார் 30 சதவீதம் குறைந்தது. ஒரே ஒரு முறை. சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் வேக நடை, வாரத்தில் சில நாள் உட்கார்ந்து எழுதல், சுமை தூக்கல் போன்ற வலுப் பயிற்சி, இவற்றை அண்ணனுக்கு அழுத்திச் சொல்வேன். இரவு ஷிஃப்ட்டும் இதில் சேர்கிறது. நல்ல ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது சர்க்கரையைக் கையாளும் திறன் சரிந்ததை 1999-இல் சிகாகோவில் காட்டினார்கள். தறிக்கூடத்து வேலையை மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். பகல் தூக்கத்துக்கு இருட்டறையும் அமைதியும் கிடைக்க வீட்டார் உதவலாம். நள்ளிரவு இரண்டு மணிக்குப் பரோட்டா சாப்பிடுவதை அவர் விடலாம்.

ஈறில் இரத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள். நாள்பட்ட ஈறு நோய் ஓயாத அழற்சி. அதைச் சரிசெய்தாலே சர்க்கரை நோயாளிகளின் மூன்று மாதச் சராசரி சிறிதளவு குறைகிறது. புகை, புகையிலை இருந்தால் அதுவும் போக வேண்டும்.

மருந்து பற்றி இரண்டு விஷயம். ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபைப்ரேட் வகை மாத்திரைகள் அந்த எண்ணைக் கீழே கொண்டுவரும். இன்சுலின் எதிர்ப்பைத் தீர்க்காது. தாளில் எண் இறங்கியதும் பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது. ஆனால் ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டிப் போனால் கணைய அழற்சி அபாயம் உண்டு. அப்போது மாத்திரை கட்டாயம். டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தால், அது சர்க்கரையைச் சற்றே ஏற்றும் என்று கேள்விப்பட்டு நிறுத்திவிட வேண்டாம். சிறிய அளவில் ஏற்றுவது உண்மை. மாரடைப்பைத் தடுப்பதில் அது தரும் பலன் அதைவிடப் பல மடங்கு பெரியது. தைராய்டு குறைந்தாலும் ட்ரைகிளிசரைடு ஏறும் என்பதால், டி.எஸ்.எச் பரிசோதனை இதுவரை எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

திரும்பி வர முடியுமா? முடியும், இந்தக் கட்டத்தில் நன்றாகவே முடியும். இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழு சர்க்கரை நோயாளிகளை நாளுக்குச் சுமார் 600 கலோரி உணவில் எட்டு வாரம் வைத்தபோது, முதல் வாரத்திலேயே கல்லீரல் கொழுப்பு இறங்கி, வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. அது மருத்துவக் கண்காணிப்பில் செய்தது. வீட்டில் முயல வேண்டாம். நம் ஊர்ச் சான்றும் இருக்கிறது. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. உணவும் நடையும் மட்டுமே மூன்று ஆண்டுகளில் நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மின் மாத்திரை 26.4 சதவீதம் குறைத்தது. அண்ணன் பத்துக் கிலோ இறங்க வேண்டியதில்லை. மூன்று நான்கு கிலோ, அதுவும் வயிற்றிலிருந்து போனால், கல்லீரல் கேட்கும்.

எடை இயந்திரத்தைவிட அளவு நாடாவை நம்பச் சொல்லுங்கள். மூச்சை இயல்பாக விட்டுவிட்டு, விலா எலும்பின் கீழ் முனைக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். பேன்ட் போடும் இடத்தில் அளந்தால் குறைத்துக் காட்டும். மூன்று மாதம் கழித்து லிப்பிட், சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கல்லீரல் நொதிகள் நான்கையும் எடுங்கள். முதலில் ட்ரைகிளிசரைடு இறங்கும், சில வாரங்களிலேயே. அடுத்து வெறும் வயிற்றுச் சர்க்கரை. எச்.டி.எல் கடைசியாக, மெதுவாக, கொஞ்சமாகவே ஏறும். அது ஏறவில்லை என்று அவர் மனம் தளர வேண்டியதில்லை. கூடப் பிறந்தவர் என்பதால் நீங்களும் அதே நாளில் வெறும் வயிற்றில் போய் இந்தப் பரிசோதனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் என்பதால் உங்களுக்கு இடுப்பு எல்லை 80 செ.மீ.